பெனலோப்பி பாடுவோர் தடுமாறும் இடங்கள்

இத்தாலிய இசையமைப்பாளர் மொன்தெவெர்தியின் ‘இல் ரித்தோர்னோ துலிஸ்ஸே இன் பாத்ரியா’ (உலிஸ்ஸே தாயகம் திரும்புதல்) என்ற ஓபராவில் (வெனிஸ், 1640), போருக்குப் போன கணவன் உலிஸ்ஸேக்காகக் காத்திருக்கும் பெனலோப்பியாக வருபவர் முதலில் சறுக்குவது தொடக்கப் புலம்பலில்தான். கிட்டத்தட்ட பத்து நிமிடம். சுரப்பிரதியில் பாட்டு வரியும் பாஸ் (கீழ்ச்சுர) வரியும் மட்டும், வயலின்கள் கைகொடுக்காது. ஒரே சுரத்தில் சொற்கள் நகரும் இடங்களை வைப்ராட்டோ (குரல் அதிர்வு) போட்டு அலங்கரித்தால் போச்சு. விருத்தம் மாதிரி, சொல்லின் கனமே காலத்தை நடத்த வேண்டும். முதலில் வரிகளைப் பாடாமல் உரக்கப் படியுங்கள், இத்தாலிய அழுத்தம் விழும் அசைகளைப் பென்சிலால் குறியுங்கள், சுரம் அப்புறம்.

‘எதிர்பார்த்தவர் வரவில்லை, ஆண்டுகளோ ஓடுகின்றன’ என்ற வரியில் அழுகை வேண்டாம். இருபது வருடம் காத்தவள் கணக்குக் கேட்கிறாள். ‘தோர்னா, தே தோர்னா, உலிஸ்ஸே’ (திரும்பி வா, உலிஸ்ஸே) என்று முதல் தடவையே முழுக்குரலில் கூப்பிட்டால், அது திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

*

பக்கவாத்தியம் பற்றி ஒன்று. இங்கே தியோர்போவோ (நீண்ட கழுத்துள்ள லூட் வகைத் தந்தி வாத்தியம்) சிறு ஆர்கனோ போதும். ஹார்ப்சிகார்டில் (தந்திகளை மீட்டும் பழைய விசைப்பலகை வாத்தியம்) நாதம் சீக்கிரம் அடங்கிவிடுவதால் வாசிப்பவர் சொல்லுக்குச் சொல் தட்டத் தொடங்குவார். பாடுபவர் அந்தத் தட்டலுக்குக் கட்டுப்பட்டுவிடுவார். கடலுக்கு அமைதி திரும்புகிறது, புல்வெளிக்குத் தென்றல் திரும்புகிறது என்னும் பகுதியில் மட்டும் மெட்டு எட்டிப் பார்க்கும், அங்கே ஓடவிடலாம். 1972இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் பாடகி ஜேனட் பேக்கர் பாடியது, நடத்துநர் லெப்பார்ட் தந்தி வாத்தியங்களை அடர்த்தியாகச் சேர்த்த வடிவம். கேட்க அருமைதான், பாடம் பண்ண அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

*

நாடகப் பக்கம் வருவோம். தன்னை மணக்க வந்து நிற்கும் மூவரிடம், உலிஸ்ஸேயின் வில்லை வளைப்பவனுக்கே நான் என்று பெனலோப்பி சொன்ன கையோடு, ‘வாய் எதை வாக்களிக்கிறது, மனதுக்கு ஒவ்வாமல்’ என்று தனக்குள் திடுக்கிடுகிறாள். இந்தத் திருப்பத்துக்கு முன் ஒரு மூச்சு நேரம் விடாவிட்டால் சபையோர் கவனிக்கவே மாட்டார்கள்.

அந்த மூவரும் செத்த பிறகும், வந்திருப்பவன் உலிஸ்ஸேதான் என்று அவள் நம்புவதில்லை. மகன் சொல்லியும் இல்லை, தாதி எரிக்ளேயா அவன் உடலில் உள்ள தழும்பைச் சொல்லியும் இல்லை. படுக்கை விரிப்பில் அவள் நெய்த தியானா தேவதையின் உருவத்தை உலிஸ்ஸே சொன்ன பிறகே இளகுகிறாள். நாவின் முடிச்சை அவிழ்க்கச் சொல்கிறான் அவன். ‘இல்லுஸ்த்ராதேவி, ஓ சேலி’ (வானங்களே, ஒளிருங்கள்) என்று மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் அவள் பாட்டாகவே பொங்குகிறாள். அதுவரை பெரும்பாலும் பேச்சாகவே பாடியவர் இங்கே திறக்கக் குரலை மிச்சம் வைத்திருக்க வேண்டும். நேரம் போதவில்லை என்று எரிக்ளேயாவின் தயக்கக் காட்சியை வெட்டினால், பெனலோப்பியின் சந்தேகம் வெறும் பிடிவாதமாகத் தெரியும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் தேவர்களின் உரையாடலில் கை வையுங்கள்.