கென் 8-இல், டி-பொக்ஸ் 0-இல்: என் ஸ்க்ரிப்ட்டில் எங்கே பிழை?

பொகவந்தலாவை மாணவி:
வணக்கம். கடைசி வருடச் செயற்றிட்டத்துக்காகத் தேயிலைச் செடியின் சைக்ளின் புரதங்களில் (கலப்பிரிவை நடத்துபவை) சிதைவுச் சமிக்ஞை தேடுகிறேன். கொழுந்து நுனியில் கலங்கள் பிரியும்போது, வேலை முடிந்த சைக்ளினை அழிவுக்கு அனுப்ப ஏபிசி என்ற யுபிகுயிட்டின் லிகேஸ் (அழிக்க வேண்டிய புரதத்துக்குக் குறி ஒட்டும் நொதியம்) அதை அடையாளம் காண வேண்டும். அது பிடித்துக்கொள்ளும் இரண்டு துண்டுகள் எனக்கு வேண்டும். ஒன்று டி-பொக்ஸ்: ஆர்ஜினின், எதுவானாலும் இரண்டு, பிறகு லியூசின். மற்றது கென்: லைசின், குளுட்டமிக் அமிலம், அஸ்பரஜின்.

தேயிலையில் கை வைக்குமுன் விடை தெரிந்த ஒன்றில் சோதிப்போம் என்று இதே ஏபிசி அழிவுக்கு அனுப்பும் மனித செக்யூரின் புரதத்தை எடுத்தேன். அதில் கென் 9-இலும் டி-பொக்ஸ் 61-இலும் தொடங்க வேண்டும். என் பைத்தன் ஸ்க்ரிப்ட் கென் 8 என்கிறது, டி-பொக்ஸ் 0 என்கிறது. இரண்டும் ஒரே அளவு விலகியிருந்தால் கூட்டிச் சரிசெய்திருப்பேன். மூன்று நாளாகப் பிடிபடவில்லை. லீவில் வீட்டில் இருக்கிறேன். லயத்தில் சிக்னல் இல்லை, மேல் ரோட்டுக்கு ஏறித்தான் பார்க்க வேண்டும். பதில் பிந்தினால் கோவிக்காதீங்க.

பதுளை அண்ணன்:
தங்கச்சி, கோப்பை வரி வரியாக வாசிக்கிறீங்களா? யூனிப்ரொட் புரதத் தரவுத்தளம் தரும் ஃபாஸ்டா வரிசைக் கோப்பில் ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்து, ஒரு வரிக்கு 60 எழுத்துத்தான். 61-ஆவது எழுத்து இரண்டாம் வரியின் முதல் எழுத்து, பைத்தன் எண்ணுவதோ 0-இலிருந்து. கென் முதல் வரியிலேயே இருப்பதால் ஒன்று மட்டும் குறைகிறது. தலைப்பு வரியை விட்டு மிச்ச வரிகளை ஒட்டி ஒரே சரமாக்கித் தேடுங்க. வரும் இடத்தோடு 1 கூட்டுங்க.

நல்லவேளை செக்யூரினை எடுத்தீங்க. அந்தத் துண்டு 59-இல் தொடங்கியிருந்தால் வரிக்கு இரண்டு எழுத்தாகப் பிரிந்து ஒன்றுமே அகப்பட்டிருக்காது. பிழை இருப்பதே உங்களுக்குத் தெரிய வந்திருக்காது.

பொகவந்தலாவை மாணவி:
அண்ணே, 9, 61 இரண்டும் வந்துவிட்டன! மிக்க நன்றி. ஆனால் தேயிலைச் சைக்ளின்களில் ஓட்டினால் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு டி-பொக்ஸ் வருகிறது. ஒன்றில் கண்ணுக்குத் தெரியும் துண்டையே ஸ்க்ரிப்ட் விட்டுவிடுகிறது.

பசறை அக்கா:
விட்டுப்போனது ஒன்றன்மேல் ஒன்று ஏறிய துண்டாக இருக்கும். இரண்டு ஆர்ஜினின், ஒரு அலனின், இரண்டு லியூசின் என்று அடுத்தடுத்து வந்தால் அதில் இரண்டு டி-பொக்ஸ் உண்டு. பைத்தனின் ஃபைண்ட்ஆல் தேடல் முதலாவதை எடுத்ததும் அதைத் தாண்டிப் போய்விடும். எழுத்தைத் தாண்டாமல் முன்னால் மட்டும் பார்க்கும் லுக்அஹெட் போட்டு எழுதுங்கம்மா.

கூடுதலாக வருவதுதான் பெரிய விஷயம். புரதங்களில் ஆர்ஜினின் சுமார் 5.5 வீதம், லியூசின் சுமார் 9.7 வீதம். பெருக்கிப் பாருங்க: 450 அமினோ அமிலம் உள்ள புரதத்தில் தற்செயலாகவே இரண்டுக்கு மேல் விழும். கென் அப்படியில்லை, அதே நீளமான புரதம் பதினான்கை எடுத்தால் ஒன்று விழலாம். அதனால் கென் கிடைத்தால் கொஞ்சம் நம்பலாம், டி-பொக்ஸை அந்தளவு நம்ப முடியாது. டி-பொக்ஸின் ஆர்ஜினினிலிருந்து எண்ணி ஒன்பதாம் இடத்தில் அஸ்பரஜின் வேண்டும் என்று தேடலை இறுக்கவும் யோசிக்காதீங்க. மனித சைக்ளின் பி1-க்கு அது பொருந்தும், உங்கள் செக்யூரினில் அஸ்பரஜின் எட்டாம் இடத்தில் இருக்கிறது, அதுவே கழிந்துபோகும்.

இடத்தைப் பாருங்க. சைக்ளின் பி1-இன் டி-பொக்ஸ் 42-இல், மடிப்பில்லாத நுனி வாலில் கிடக்கிறது. அங்கேதான் ஏபிசி எட்டிப் பிடிக்க முடியும். சைக்ளின் பொக்ஸ் என்ற மடிந்த பகுதிக்குள் இறுகிக் கிடப்பவற்றை முதலில் தள்ளிவிடுங்க. மடிப்பற்ற இடங்களைக் கணிக்கும் ஐயுபிரெட் கருவியில் 0.5-க்கு மேல் வந்தால் அந்த இடம் மடிப்பற்றது என்று எடுக்கலாம். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் அல்ஃபாஃபோல்ட்டின் மாதிரிக் கோப்பில் பி-ஃபக்டர் நிரலில் இருப்பது நம்பக மதிப்பெண். 50-க்குக் கீழே போனால் பெரும்பாலும் தளர்ந்த பகுதி. ரோட்டுக்கு வரும்போது ஒருதரம் இறக்கிக்கொண்டால் லயத்திலிருந்தே பார்க்கலாம்.

பிறகு மற்றத் தாவரங்களின் அதே சைக்ளினோடு வரிசைப்படுத்துங்க. மற்ற இடமெல்லாம் மாறியிருக்க அந்த நான்கு எழுத்து மட்டும் மாறாமல் நின்றால் அதைக் குறித்து வையுங்க. அப்போதும் அறிக்கையில் "டி-பொக்ஸாக இருக்கக்கூடியது" என்றுதான் எழுதணும். ஆர்ஜினினையும் லியூசினையும் அலனினாக மாற்றி, புரதம் அழியாமல் நிற்கிறதா என்று ஆய்வுகூடத்தில் யாராவது பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்லலாம்.

பொகவந்தலாவை மாணவி:
அக்கா, லுக்அஹெட் போட்டதும் அந்தத் துண்டு வந்தது. அதுவும் சைக்ளின் பொக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, தள்ளிவிட்டேன். வாலில் ஒன்றே ஒன்று நிற்கிறது. நாளைக்கு மேல் ரோட்டுக்குப் போய் மற்றத் தாவரங்களின் வரிசைகளை இறக்கிவிட்டு எழுதுகிறேன்.