பயணத்துக்குப் பறவைக் கையேடு: தடித்த புத்தகமா, மெல்லிய புத்தகமா?

தகைவிலான்:
வணக்கம். அடுத்த மாதம் வெளிநாடு போகிறேன். பறவை பார்ப்பதற்காகவே போகிற பயணம் இல்லை, ஆனால் காலையில் கொஞ்ச நேரம் கிடைத்தாலும் பைனாகுலரோடு கிளம்பிவிடுவேன். போகிற இடத்துக்கு இரண்டு புத்தகங்கள் கண்ணில் பட்டன. ஒன்று அந்தக் கண்டம் முழுவதுக்குமானது, எல்லாம் ஓவியங்கள், செங்கல் கனம். இன்னொன்று அந்த நாட்டுக்கு மட்டும், புகைப்படங்கள், பையில் எளிதாக அடங்கும், ஆனால் அடிக்கடி தென்படுகிற பறவைகள் மட்டும்தான் இருக்கின்றன. இப்போது என்னிடம் இருக்கிற கையேட்டில் படம் ஒரு பக்கம், விவரம் வேறெங்கோ, பறவை எங்கெங்கே இருக்கும் என்று காட்டும் பரவல் வரைபடம் கடைசியில், நான் மூன்றையும் புரட்டி முடிப்பதற்குள் பறவை போய்விடுகிறது. நீர்க்கரையில் மேயும் உள்ளான்கள், புதர்களில் திரியும் சின்னக் கதிர்க்குருவிகள் என்றால் கேட்கவே வேண்டாம், எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை வாங்கட்டும்? ஆப் இருக்கும்போது புத்தகமே எதற்கு என்கிறார் நண்பர் ஒருவர், அது சரியா?

நாகணவாய்:
வணக்கம் நண்பரே. இரண்டையும் வைத்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைத் தேடுங்கள்: அந்த நாட்டுக்கு மட்டுமானதாக, ஆனால் அங்கே பதிவான எல்லாப் பறவைகளும் இருக்கிற ஓவியக் கையேடு. கண்டம் முழுவதுக்குமான புத்தகத்தில் கனம்கூட இரண்டாவது சிக்கல்தான். ஒரு கதிர்க்குருவியைப் பார்த்துவிட்டுத் திறந்தால் அந்த இடத்துக்கு வரவே வராத பத்துப் பறவைகளும் சேர்ந்து வந்து நிற்கும், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. "அடிக்கடி தென்படுபவை" புத்தகத்தில் ஆபத்து வேறு மாதிரி. நீங்கள் பார்த்த பறவை அதில் இல்லையென்றால் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற இன்னொன்றை அதுதான் என்று எழுதிக்கொள்வீர்கள், தப்பு என்று தெரியவே தெரியாது.

ஓவியத்தை ஏன் சொல்கிறேன் என்றால், புகைப்படம் காட்டுவது ஒரே ஒரு பறவையை, அன்றைய வெளிச்சத்தில், அது நின்ற கோணத்தில். நல்ல ஓவியர் ஒத்த பறவைகளை ஒரே அளவில், ஒரே கோணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்திருப்பார். பட்டாணி உப்புக்கொத்தி என்கிற சின்ன நீர்க்கரைப் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணைச் சுற்றிப் பளிச்சென்று மஞ்சள் வளையம், பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை கிட்டத்தட்ட இல்லை. அதன் பெரிய உறவுக்காரப் பறவைக்கு அந்தப் பட்டை நன்றாகத் தெரியும், கண் வளையம் அப்படித் தெரியாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், நின்றும் பறந்தும் காட்டுகிற பக்கம் இருந்தால் நொடியில் முடிகிற வேலை. அடையாளத்தைச் சின்னக் கோடு போட்டுச் சுட்டிக் காட்டும் முறையை 1934ல் அமெரிக்கப் பறவை ஓவியர் ரோஜர் டோரி பீட்டர்சன் தன் கையேட்டில் கொண்டுவந்தார், அது இருக்கிற புத்தகம் என்றால் இன்னும் நல்லது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, அந்தப் புத்தகத்திலும் இருக்கிற பறவை ஒன்றின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அலகின் பருமன், நிற்கிற தோரணை, காலின் நிறம் எல்லாம் நீங்கள் பார்த்தபடியே இருக்கிறதா? பெண் பறவையும் இளம்பறவையும் இருக்கின்றனவா? தெரிந்த பறவையிலேயே கோட்டை விடுகிற ஓவியரைத் தெரியாத பறவைக்கு நம்ப முடியாது. உள்ளான்கள் என்றால் இனப்பெருக்கக் காலத்து நிறம், மற்ற காலத்து நிறம் இரண்டும் வேண்டும், ஏனென்றால் வலசை போன இடத்தில் பெரும்பாலும் மங்கிய நிறத்தில்தான் பார்ப்பீர்கள். கழுகு, பருந்துக்குக் கீழிருந்து பார்க்கும் படம் கட்டாயம். படம், விவரம், வரைபடம் மூன்றும் எதிரெதிர்ப் பக்கங்களில் இல்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

பனங்காடை:
ஆப் பற்றி: அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தரும் மெர்லின் என்கிற பறவை அடையாள ஆப் இலவசம், போகிற பகுதிக்கான தொகுப்பைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். குரலைக் கேட்டும் பெயர் சொல்லும், ஆனால் எல்லா இனங்களின் குரலும் அதில் இல்லை. அது சொல்கிற பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு பறவையைக் கண்ணால் பாருங்கள். நல்ல வெயிலில் திரையில் நிற வித்தியாசம் தெரியாது, பேட்டரியும் தீரும். ஆப் வேண்டும், ஆனால் புத்தகத்துக்குப் பதிலாக இல்லை.

தகைவிலான்:
மிக்க நன்றி. நாகணவாய் சொன்ன மாதிரியே ஒன்று கிடைத்தது, சோதனையிலும் தேறிவிட்டது. ஆனால் பழைய பதிப்பு. பரவாயில்லையா? அப்புறம் அதில் பறவைகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்றே பிடிபடவில்லை, வல்லூறைக் கழுகுகளுக்குப் பக்கத்தில் தேடினால் காணோம், கிளிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது!

மீன்கொத்தி:
தம்பி, அது அச்சுப் பிழை இல்லை. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு வல்லூறு குடும்பம் கழுகுகளுக்கு நெருங்கிய உறவு இல்லை, கிளிகளுக்கும் குருவிகளுக்கும்தான் நெருக்கம் என்று தெரியவந்தது, அதனால் புதிய பட்டியல்களில் இடம் மாறிவிட்டது. அப்படியென்றால் உங்கள் பதிப்பு அவ்வளவு பழையதும் இல்லை. சில கையேடுகள் தேடுகிறவர் வசதிக்காக வல்லூறையும் கழுகையும் சேர்த்தே வைக்கின்றன, அது அவரவர் முடிவு.

பழைய பதிப்பின் தொல்லை பெயரில்தான் வரும். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கிற ஈபேர்ட் இணையதளம் கூகையை 2024ல் மூன்று இனங்களாகப் பிரித்துவிட்டது, உங்கள் புத்தகத்தில் ஒன்றாகவே இருக்கலாம். அறிவியல் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால் பிறகு பொருத்திப் பார்ப்பது சுலபம். பறவையின் இறக்கையும் அலகும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை, ஓவியம் நன்றாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

போவதற்கு முன் இன்னொரு வேலை. ஈபேர்டில் நீங்கள் போகிற பகுதியின் பட்டை வரைபடத்தைத் திறந்தால் எந்த மாதத்தில், அதுவும் மாதத்தை நான்காகப் பிரித்து, எந்தப் பறவை எவ்வளவு தென்படுகிறது என்று காட்டும். அடுத்த மாதம் அங்கே இருக்கக்கூடியவற்றுக்குப் புத்தகத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். உள்ளான், கதிர்க்குருவி, பருந்து தொடங்கும் பக்கங்களில் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். இதைச் செய்யும்போதே பாதிப் பறவைகள் மனதில் பதிந்துவிடும். களத்தில் முதலில் பறவையைப் பாருங்கள், அளவு, அலகு, கால், நடக்கிற விதம் எல்லாவற்றையும் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள், அது போன பிறகு புத்தகத்தைத் திறங்கள்.

தகைவிலான்:
சரி அண்ணா, இன்றே வாங்கிப் புள்ளி வைக்க ஆரம்பிக்கிறேன். பழைய கையேட்டை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன்.