பகல் மின்னல்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வாக்குவாதம்

கவின்: சித்தப்பா, மேற்கே மேகம் திரண்டுவிட்டது. மின்னலைப் படமெடுக்க, இரவில் செய்வதுபோல கேமராவின் ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் கதவை) 20 விநாடி திறந்து வைக்கவா?

முரளி சித்தப்பா: பகலில் அப்படி வைத்தால் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அபெர்ச்சர் (லென்ஸின் துளை, எண் குறைந்தால் துளை பெரிது) எஃப் 11, ஷட்டர் 1/4 முதல் 1/15 விநாடி. மேகத்தின் கருமையைப் பார்த்து மாற்றிக்கொள்.

கவின்: நான் பொத்தானை அழுத்துவதற்குள் மின்னல் போய்விடுமே!

இளவேனில்: மின்னல் ட்ரிக்கர் வாங்கு. ஒளி பளிச்சிட்டதும் அதுவே ஷட்டரைத் திறந்துவிடும்.

முரளி சித்தப்பா: மின்னிய பிறகு திறந்து என்ன பயன்?

இளவேனில்: ஒரு மின்னல் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரே தடத்தில் அடுத்தடுத்துப் பாயும் சில வீச்சுகள். அது துடிப்பதுபோலத் தெரிவது அதனால்தான். முதல் வீச்சு தப்பினாலும் அடுத்தது கிடைக்கும்.

முரளி சித்தப்பா: கிளை பிரிவது பெரும்பாலும் அந்த முதல் வீச்சில்தானே அம்மா? பின்னால் வருபவை வெறும் தண்டு. ட்ரிக்கர் படங்கள் பல மொட்டையாக இருக்கின்றன. நான் 1/4 விநாடிப் படங்களாகத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருப்பேன். ஷட்டர் மூடியிருக்கும் நேரம் சொற்பம்.

இளவேனில்: பிறகு இரவெல்லாம் உட்கார்ந்து வெறும் மேகங்களை அழிப்பீர்கள் 😄

கவின்: ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் மாட்டி ஷட்டரை இரண்டு விநாடிக்கு நீட்டினால்?

முரளி சித்தப்பா: அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மின்னல் தன் ஒளியை நொடிப்பொழுதில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஷட்டரை நீட்டினால் வானம் வெளுக்குமே தவிர, மின்னலுக்கு ஒளி கூடாது. ஃபில்டரோ இரண்டையும் மங்கச் செய்யும். வானம் அழகாக வரும், மின்னல் நூலாக இளைத்திருக்கும்.

இளவேனில்: இதில் சித்தப்பா பக்கம்தான் நான். அதே கணக்குத்தான் ட்ரிக்கருக்கும் சாதகம். மின்னும்போதுதான் திறப்பதால் ஷட்டர் நேரத்தைக் குறைத்து, துளையைப் பெரிதாக்கலாம். எஃப் 5.6, 1/15 வைத்தால் வானம் உங்கள் எஃப் 11, 1/4 அளவுக்கே இருக்கும். மின்னல் நான்கு மடங்கு பிரகாசமாகப் பதியும்.

முரளி சித்தப்பா: மொட்டை மின்னல், நான்கு மடங்கு பிரகாசமாக.

சுதா அத்தை: என்னிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது.

இளவேனில்: 4கே வீடியோ எடுங்கள் அத்தை. மின்னல் வந்த இடத்தில் நிறுத்திப் படமாக வெட்டிக்கொள்ளலாம், சுமார் 8 மெகாபிக்சல் இருக்கும். சில படங்களில் மின்னல் பாதியில் அறுந்து தெரியும். ஒளியைப் பதியும் சென்சார் வரிவரியாகப் பதிவுசெய்வதால் வருவது அது, கைபேசியில் பழுது இல்லை.

தாத்தா: கவின் எங்கே நிற்கிறான்?

கவின்: மொட்டைமாடியில், தாத்தா.

தாத்தா: உடனே இறங்கு. அங்கே நீயும் உன் முக்காலியும்தான் உயரம்.

முரளி சித்தப்பா: அப்பா சொல்வதைக் கேள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணு. மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெளியே நிற்கவே கூடாது. கடைசி இடிக்குப் பிறகும் 30 நிமிடம் உள்ளேயே இரு. மழை தொடாத இடத்திலும் மின்னல் விழும்.

கவின்: இப்போது 12 எண்ணினேன்.

தாத்தா: இன்னும் எண்ணிக்கொண்டா நிற்கிறாய்?!

கவின்: வந்துவிட்டேன் தாத்தா. மூடிய ஜன்னல் வழியே எடுக்கிறேன். கண்ணாடியில் அறை விளக்கு தெரிகிறது.

இளவேனில்: விளக்கை அணை. லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வை. ஆட்டோஃபோகஸை நிறுத்திவிட்டு, தொலைவில் உள்ள ஏதாவது ஒன்றின்மீது கையால் ஃபோகஸ் செய். இல்லையென்றால் கேமரா மழைத்துளியைப் பிடித்துக்கொள்ளும்.

சுதா அத்தை: வீடியோ எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? இடம் நிறைந்துவிட்டது என்கிறது.

முரளி சித்தப்பா: முதலில் அந்தக் காலை வணக்கப் படங்களை அழி, சுதா.