ஃபோர்டு வி8 போட்ட பழைய நேர்கோட்டு ரேஸ் வண்டி: எங்கே தொடங்குவது, எதில் கை வைக்கக் கூடாது?

மணல்மேட்டான் கேட்டது:

மயிலாடுதுறைப் பக்கம் ஓட்டம் நின்றுபோன ஒரு ரைஸ் மில்லின் உமிக் கொட்டகையில் ஒற்றை ஆள் ரேஸ் வண்டி ஒன்று நிற்கிறது. சித்தப்பா வீட்டுச் சொத்து, சரிசெய்யச் சொல்லி என்னிடம் விட்டிருக்கிறார்கள். உருண்டை மூக்கு, கூம்பு வால், நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே. முன்னால் ஃபோர்டு பிளாட்ஹெட் வி8 (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கில் இருக்கும் வகை), அலுமினிய ஹெட், ஒரே மேனிஃபோல்டில் இரண்டு கார்புரேட்டர். என்ஜின் சிக்கியிருக்கிறது, கிராங்க் அசையவே இல்லை. சக்கரம் 16 அங்குலம். ஆர்.சி. கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது.

வீட்டில் இரண்டு விஷயம் அடித்துச் சொல்கிறார்கள். ஒன்று, உடம்பு போர் விமானத்துக்கு அடியில் தொங்கும் பெட்ரோல் டேங்க்கை வெட்டிச் செய்தது. இரண்டு, சோழவரத்தில் ஒரு மைல் நேர் ஓட்டத்தில் 120 மைல் வேகம் போனது. இவற்றை எப்படிச் சரிபார்ப்பது? என்ஜினை எப்படி விடுவிப்பது? ஐப்பசி மழை வருவதற்குள் எதை முடித்தாக வேண்டும்?

வல்லம்_லேத் எழுதியது:

முதலில் வாட்டர் சர்வீஸ் வேண்டாம். பிரஷர் தண்ணீர் பட்டால் பழைய பெயிண்ட், சாக்பீஸ் குறி, ஒட்டிய காகிதம் எல்லாம் போய்விடும், பிறகு ஆராய ஒன்றும் மிஞ்சாது. உமித்தூசை மென்மையான பிரஷ்ஷால் தள்ளி வேக்குவமில் இழுங்கள். எல்லாப் பக்கமும் போட்டோ, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்கேல் தெரிய வேண்டும்.

என்ஜின் எது என்று பார்க்க நம்பரை நம்பாதீர்கள். 1932 முதல் 1948 வரை ஃபோர்டு பிளாட்ஹெட்டில் பிளாக்கில் சீரியல் நம்பர் அடிக்கவில்லை. கியர்பாக்ஸின் மேல்பக்கத்திலும் சேசிஸின் இடது நீளத் தண்டிலும்தான் இருக்கும். கியர்பாக்ஸ் மாறியிருந்தால் அந்த நம்பர் வேறு வண்டியின் கதையைச் சொல்லும். அதனால் வார்ப்பைப் பாருங்கள். ஒரு ஹெட்டுக்கு 21 ஸ்டட் (ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் மரையாணி) என்றால் பழசு. 24 ஸ்டட் என்றால் 1938 முதல் வந்தது. 24 ஸ்டட் என்றால், தண்ணீர் ஹோஸ் ஹெட்டின் நடுவில் ஏறுகிறதா, முன்முனையிலா? முன்முனை என்றால் 1949 முதல் வந்த மாடல், அதில் டிஸ்ட்ரிபியூட்டரும் நிமிர்ந்து நிற்கும். பெல் ஹவுசிங் மேல் 59 என்ற வார்ப்பு எண் இருந்தால் 1946–48 காலத்து 239 கன அங்குல பிளாக்.

போரை (சிலிண்டர் துளையின் விட்டத்தை) அளக்க ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். 3 1/16 அங்குலம் என்றால் 221 கன அங்குலம், 3 3/16 என்றால் 239. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3 3/4தான். 239 வந்தால் காரிலிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டாதீர்கள். கனடாவில் செய்த ராணுவ ஃபோர்டு லாரிகளிலும் அதே அளவு என்ஜின்தான். போர் முடிந்ததும் டிஸ்போசல் ஏலத்தில் இந்தியா முழுக்கப் போய் பஸ், லாரி, பம்ப்செட் என்று ஓடியவை அவை.

சிக்கிய என்ஜினுக்கு: எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஏ.டி.எஃப்.பும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) அசிட்டோனும் சரிபாதி கலந்து 50 மில்லி ஊற்றுங்கள். இரண்டு சிலிண்டர் வரிசையும் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் எண்ணெய் சிலிண்டரின் கீழ்ச்சுவரிலேயே தேங்கும், மேல்சுவர் காய்ந்தே கிடக்கும். கொட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதோடு நின்றால் பலன் பாதிதான். ஒரு வாரம் தினமும் ஊற்றிவிட்டு, மேனிஃபோல்டைக் கழற்றி வால்வு பக்கமும் நனையுங்கள். கிராங்க் கொட்டையில் நீள பைப் போட்டு ஏறி நிற்பது, பின்னால் ஜீப் கட்டி இழுப்பது இரண்டும் வேண்டாம். பிஸ்டன் பாவாடை உடையும், கனெக்டிங் ராடு வளையும்.

உங்களுக்குப் பெரிய வேலை என்ஜின் விடுபடுவதே அல்ல, அலுமினிய ஹெட்டை ஸ்டட்டிலிருந்து கழற்றுவதுதான். இரும்பு ஸ்டட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே வெள்ளைப் பொடி பூத்து ஆப்பு வைத்ததுபோல் இறுகியிருக்கும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உளி செருகினால் அந்த இடத்தில் கேஸ்கட் என்றைக்கும் உட்காராது. நட்டுகளைக் கழற்றி ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் எண்ணெய் விட்டு, ஹாட் ஏர் கன்னால் ஹெட்டைச் சூடாக்கி, குளிர விட்டு, மறுபடி எண்ணெய் விடுங்கள். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி ஸ்டட்டை முதலில் மேலே எடுக்கப் பாருங்கள். அசையாவிட்டால் இரண்டு பிளக் துளையில் பழைய பிளக் உடம்பைத் திருகி, அதில் தகடு வெல்டு செய்து இழுப்பானாக வையுங்கள். ஸ்டட் பெரும்பாலும் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் இறங்கும், அதனால் திரும்பப் போடும்போது மரையில் சீலன்ட் தடவாவிட்டால் ஒவ்வொரு ஸ்டட் ஓரமும் ஊற்று.

திறந்த பிறகு பிளாக்கைத் திருச்சிக்குக் கொண்டுபோங்கள். அங்கே பெல்லுக்கு வேலை செய்யும் பட்டறைகளை ஒட்டி மேக்னடிக் கிராக் சோதனை செய்கிறார்கள். பிளாட்ஹெட்டில் இரண்டு இடத்தில் வெடிப்பு சகஜம். ஸ்டட் துளையிலிருந்து தண்ணீர்த் துளைக்குப் போவது பெரும்பாலும் தாங்கும். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டருக்குள் இறங்குவதுதான் ஆபத்து. அதற்கு ஆர்க் வெல்டிங் வேண்டாம், பக்கத்திலேயே புது வெடிப்பு கிளம்பும். உலோகப் பின்களால் தைக்கும் குளிர் முறை, முடியாவிட்டால் ஸ்லீவ். போரிங் செலவு செய்வதற்கு முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள். வெடித்த பிளாக்கைப் போர் போட்டுக் குப்பையில் போட்டவர்கள் ஊரெல்லாம் உண்டு.

குடந்தை_டிங்கர் எழுதியது:

இவ்வளவு வம்பு ஏன் தம்பி? பழைய மஹிந்திரா ஜீப் என்ஜின் போட்டால் அடுத்த மாசமே ஓடும். பிளாட்ஹெட்டுக்குப் பார்ட்ஸ் எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

பழம்பதிவேடு எழுதியது:

என்ஜினை மாற்றினால் ரேஸ் காரின் வரலாற்றில் பாதி போய்விடும், அண்ணே. ஓட வேண்டும் என்றால் வேறு வண்டி கட்டிக்கொள்ளலாம்.

120 மைல் கதையை வீட்டிலேயே சோதிக்கலாம். பின் சக்கரம் ஒன்றைத் தூக்குங்கள், மற்றது தரையில் அசையாமல் இருக்கட்டும், கியர் நியூட்ரல். தூக்கிய சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றி, கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றியது என்று சாக்பீஸ் குறி வைத்து எண்ணுங்கள். அதுதான் ரேஷியோ, அதாவது பின் அச்சின் கியர் விகிதம். ஃபோர்டில் 3.54, 3.78, 4.11 இவை வழக்கம். பிறகு கணக்கு: என்ஜின் சுற்று × டயர் விட்டம் அங்குலத்தில் ÷ (336 × ரேஷியோ) = மைல் வேகம். 6.00-16 டயரின் விட்டம் ஏறக்குறைய 28 அங்குலம். 4.11 ஆக இருந்து 4500 சுற்று சுற்றினால் 91 மைல். அதே ரேஷியோவில் 120 மைல் வேண்டுமானால் 5900 சுற்று. அந்தக் கால 85 குதிரைசக்தி என்ஜினின் உச்ச சக்தியே 3800 சுற்றில். காம்ஷாஃப்டும் வால்வு ஸ்பிரிங்கும் மாற்றாமல் 5900 வராது. 3.54 என்றால் 5100, கடினம், ஆனால் கேட்டுக்கொள்ளலாம்.

மைல் என்பதும் சந்தேகம். சோழவரம் போர்க்கால ஓடுதளம். ஆர்.ஏ.எஃப். ஏ வகுப்புத் தரப்படி முதன்மை ஓடுதளம் 2000 கஜம், ஒரு மைல் 1760. மிச்சம் 240 கஜத்தில் வேகம் எடுத்து நிற்கவும் முடியாது. ஆகவே ஓடிவந்து மைலை அளந்திருக்க வாய்ப்பில்லை, நின்ற இடத்திலிருந்து கால் மைல் ஸ்பிரிண்ட் என்றால் நம்பலாம். இன்னொன்று: நம்மூரில் மைல் போய் கிலோமீட்டர் வந்த காலம் அது. 120 கிலோமீட்டர் என்றால் 75 மைல்தான், 4.11 ரேஷியோவில் 3700 சுற்றுக்குள் முடிந்துவிடும். பெரியவர்கள் பொய் சொல்லவில்லை, அலகு மாறியிருக்கலாம்.

தேடும் இடம்: மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990இல் வரும்வரை பந்தயம் சோழவரத்தில்தான். பந்தய நாளுக்கு மறுநாள் பத்திரிகையை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பாருங்கள், ‘தி இந்து’வோடு அந்தக் கால ‘மெயில்’ மாலை இதழையும் கேளுங்கள். தமிழ் வார இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். ஓட்டுநர் பேரை வைத்துத் தேடுவதைவிட ‘ஃபோர்டு ஸ்பெஷல்’ என்ற தலைப்பில் வகுப்பு வாரி முடிவுகளைப் பாருங்கள், வீட்டில் கட்டிய வண்டிகளை அப்படித்தான் பதிவு செய்வார்கள். குடும்ப ஆல்பத்துப் போட்டோக்களின் பின்பக்கத்தையும் விடாதீர்கள், ஸ்டுடியோ முத்திரையில் ஊர் இருக்கும்.

பெயிண்டைச் சோதிக்க வழி இது. பக்கவாட்டில் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு வட்டம் எடுத்து, 400, 800, 1500 நீர்த்தாள் என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும், மரத்தின் வயது வளையம் மாதிரி. நடு வளையத்துக்கு அடியில் வெள்ளை வந்தால் அது பந்தய எண் எழுதிய வட்டமாக இருக்கலாம், அங்கேயே நிறுத்துங்கள். பிறகு இரவில் விளக்கை அணைத்து டார்ச்சைப் பரப்புக்குச் சாய்வாகப் பிடியுங்கள். புதுப் பெயிண்டுக்கு அடியில் பிரஷ் ஓரம் நிழலாக எழும், எண்ணையே படிக்கலாம். சலிக்காமல் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகை_ஃபிட்டர் எழுதியது:

உடம்பு டேங்க்கா இல்லையா என்பதைப் பார்க்க முதலில் காந்தம். ஒட்டாவிட்டால் அலுமினியம். ஒட்டினாலும் டேங்க்காக இருக்கலாம், ஸ்டீலில் செய்தவையும் உண்டு. போர்க்கால விமானங்களுக்குப் பிசின் ஊறிய காகிதத்தில் செய்த 108 காலன் டேங்க் கூட இங்கிலாந்தில் இருந்தது. அடுத்து மூட்டுகள். டேங்க் என்றால் அச்சில் அழுத்திய இரண்டு பாதி, நெடுக ஒரே மூட்டு, நடுவில் அலைத்தடுப்புத் தகடு வைத்த ரிவெட் வரிசை. அமெரிக்க டேங்க்காக இருந்தால் தொங்கு காது இரண்டும் 14 அங்குல இடைவெளியில் இருக்கும். சிறு சிறு தகடாக கேஸ் வெல்டு வைத்து, உள்பக்கம் சுத்தியல் தடம் தெரிந்தால் பாத்திரக்காரர் கைவேலை. அதுவும் குறைந்தது இல்லை, கலிபோர்னியாவில் பில் பர்க் 1946இல் 165 காலன் டேங்க்கில் முதல் வண்டியைக் கட்டியதைப் படித்துவிட்டு நம்மூரில் தகடு தட்டி அதே உருவம் கொண்டுவந்தவர்கள் இருந்திருக்கலாம்.

உப்புக்காற்றுப் பக்கம் அலுமினியத்துக்கு எதிரி, அதில் அடித்த இரும்பு ரிவெட். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தால் அந்த வட்டத்தில் தகடு காகிதமாகியிருக்கும், விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாகக் கேட்கும். ரிவெட்டை உளியால் தட்டக் கூடாது, தலையில் பஞ்ச் வைத்து ரிவெட்டைவிடச் சற்றுச் சிறிய டிரில்லால் குடைந்து தள்ளுங்கள். புதிதாகப் போடுவது அலுமினிய ரிவெட், இரும்போடு படும் இடத்தில் ஜிங்க் குரோமேட் பிரைமரோ ரப்பர் ஷீட்டோ. சுரண்டிய அலுமினியத்துக்கு முதலில் எட்ச் பிரைமர், அது இல்லாமல் அடித்த பெயிண்ட் முதல் மழையிலேயே உரியும்.

இரும்புப் பாகத்துக்குத் துரு நீக்க எலக்ட்ராலிசிஸ் வசதி. வாஷிங் சோடா ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி, 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் துருப்பிடித்த சாமானில், பிளஸ் பழைய இரும்புத் தகட்டில். அந்தத் தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, விஷ குரோமியம் கரையும். அலுமினியப் பாகத்தை அந்தத் தொட்டியில் போட்டால் கரைந்து போகும். கொட்டகைக்கு வெளியே வையுங்கள், ஹைட்ரஜன் கிளம்பும். எடுத்த இரும்பைக் கழுவித் துடைத்து அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும், நம்மூர் ஈரத்தில் இரவு முழுக்க விட்டால் காலையில் செம்மண் நிறம்.

மணல்மேட்டான்:

காந்தம் ஒட்டவில்லை. மூட்டு ஏகப்பட்டது, உள்ளே சுத்தியல் தடம். 24 ஸ்டட், ஹோஸ் நடுவில் ஏறுகிறது. ரேஷியோ 4.11. சக்கரம் ஐந்து துளை, 5.5 அங்குல வட்டம். மஹிந்திரா ஜீப் ரிம்மும் அதே வட்டம் என்கிறார்களே, பயன்படுமா? டிராக்டர் முன் டயர் 6.00-16 பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது.

வல்லம்_லேத்:

ரிம் உட்காரும், பழசை ஒதுக்கி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளி நகர்த்த அதை மாட்டலாம். டிராக்டர் டயர் மட்டும் வேண்டவே வேண்டாம், மூன்று கோடு போட்ட அந்த டயரின் வேக எல்லை 30–40 கிலோமீட்டர்தான். ரேஸுக்கு அல்ல, திருவிழா ஊர்வலத்துக்கே அதற்குமேல் நம்ப மாட்டேன். பழைய டயரையும் ஓட்ட வேண்டாம், அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லாத பாகம் வார்க்க வேண்டுமென்றால் சுவாமிமலை, நாச்சியார்கோயில் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன. காவேரி வண்டல் மண் அச்சில் பெட்ரோல் மூடி, காற்றுக் குழல் மாதிரி அழுத்தம் தாங்காத சாமான்களை அழகாக வார்த்துக் கொடுப்பார்கள். அலுமினியம் குளிரும்போது அடிக்கு ஏறக்குறைய 5/32 அங்குலம் சுருங்கும், மாடலை அந்த அளவு பெரிதாகக் கொடுங்கள். ஹெட், பிரேக் சிலிண்டர் மாதிரி அழுத்தம் தாங்கும் பாகங்களை அங்கே கொடுக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத காற்றுத் துளை இருக்கும்.

பழம்பதிவேடு:

நம்பர் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டிய சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கு விண்டேஜ் பதிவு உண்டு, புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், எண்ணில் ‘விஏ’ வரும். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவு கிடையாது. உங்களுடையது கட்டப்பட்டதே மாற்றத்தில்தான், அதனால் ரோடு பதிவை எதிர்பார்க்காமல் டிரெய்லரில் கொண்டுபோவதைத் திட்டமிடுங்கள். சேசிஸின் இடது தண்டைச் சுரண்டி நம்பர் தேடும்போது கிரைண்டர் வைக்காமல் பெயிண்ட் ரிமூவரும் நைலான் பிரஷ்ஷும் போதும், அடித்த எழுத்து ஆழமில்லாதது.

நாகை_ஃபிட்டர்:

மழைக்கு முன்னால் முடிக்க வேண்டியது: வண்டியைத் தரையிலிருந்து ஒரு அடி உயர மரக்கட்டையில் ஏற்றுங்கள், அடியில் பாலித்தீன் விரியுங்கள், ஆனால் மேலே பாலித்தீன் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். பருத்தித் துணி போர்த்துங்கள். பிளக் துளைகளில் எண்ணெய் விட்டுப் பழைய பிளக்கால் அடையுங்கள், கார்புரேட்டர் வாயில் துணி உருட்டி வைத்து வெளியே ஒரு சிவப்பு நாடா தொங்க விடுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யும் நாளில் யாருக்கும் ஞாபகம் வராது. உமியை முழுக்க அகற்றினால் எலியும் போகும், ஒயரிங்கும் பிழைக்கும்.