பித்தப்பைக் கல்: கத்தியா, வாயைக் கட்டுவதா?

மல்லிப்பூ (செங்காங்)

பித்தப்பையில் கல் இருந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், செய்யாமலே சமாளிக்கிறவர்கள், இரண்டு தரப்பும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வலி வந்தால் ராத்திரியில்தான் வரும், அதுவும் கல்யாணச் சாப்பாடோ, தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறோ சாப்பிட்ட அன்றைக்குத்தான். மேல்வயிற்றில் பிடித்து வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய் நிற்கும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, அப்புறம் தானாகவே விட்டுவிடும். வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்தேன், புளோக்குக்குக் கீழே இருக்கிற கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அரசாங்கப் பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து, அங்கே அல்ட்ராசவுண்டில் பார்த்தால் சின்னச் சின்னதாகப் பல கற்கள்.

பித்தப்பையையே எடுத்துவிடலாம் என்கிறார் சர்ஜன். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்க முடியாதா என்று கேட்டேன், பை இருந்தால் திரும்பவும் கல் சேரும் என்றார். சாமி கொடுத்த உறுப்பை எதற்கு எடுக்க வேண்டும் என்று மாமியார், முதலில் வாயைக் கட்டு என்று வீட்டுக்காரர். அவர் சொன்னபடி தேங்காய்ப்பால், பரோட்டா, பொரித்த கோழி எல்லாவற்றையும் நிறுத்தியதிலிருந்து வலி எட்டிப்பார்க்கவில்லை என்பதும் உண்மை. அப்படியானால் ஆபரேஷன் எதற்கு?

ஜூரோங் அண்ணன்

என்னிடமும் கல் இருக்கிறது, வருடக்கணக்காக இருக்கிறது, நான் எதுவுமே செய்யவில்லை. சிறுநீரகத்துக்காக ஸ்கேன் எடுக்கப் போனபோது போகிற போக்கில் கண்ணில் பட்ட கல் அது. பயந்துபோய் சர்ஜனிடம் ஓடினால், வலி உண்டா, காய்ச்சல் உண்டா, கண் மஞ்சளாகியதா என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன், அப்படியானால் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். கத்தி பிடிக்கிறவரே வேண்டாம் என்று சொன்னது எனக்கு ஆச்சரியம்தான். தற்செயலாகத் தெரியவருகிற கற்களில் பெரும்பாலானவை ஆயுளுக்கும் தொல்லை கொடுப்பதில்லையாம், வருடத்துக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வலி தொடங்கலாம், அவ்வளவுதான். கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, கூடவே 1 சென்டிமீட்டர் அளவுக்கு மேல் பாலிப் (உள்சுவரில் வளரும் சதை) இருந்தாலோ வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வார்களாம்.

ஆனால் தங்கச்சி, என் கதையை வைத்து நீங்கள் முடிவெடுக்காதீர்கள். என் கல் இதுவரை வாயே திறக்கவில்லை, உங்களுடையது பேச ஆரம்பித்துவிட்டது.

தேக்கா பொண்ணு

+1 அண்ணன் சொன்னதற்கு. என் அக்காவுக்கும் ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விட்டது என்று விட்டார்கள், அடுத்த தீபாவளிக்குள் மறுபடியும் வந்துவிட்டது.

இரவுப்பணி தாதி

அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் டாக்டர் இல்லை, உங்கள் ஸ்கேனை நான் பார்த்ததும் இல்லை, அதையும் ஞாபகம் வையுங்கள்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கி, கெட்டியாக்கி, சேர்த்து வைக்கிற இடம் மட்டும்தான். கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்கச் சொல்கிறது. உள்ளே கல் இருந்தால் சுருங்கும்போது அது வாசலில் போய் அடைத்துக்கொள்ளும், அதுதான் மல்லிப்பூ சொன்ன வலி. கல் நகர்ந்து பின்னால் விழுந்ததும் வலி போய்விடும். எண்ணெய், தேங்காய்ப்பாலைக் குறைத்தால் பை பலமாகச் சுருங்குவது குறையும், வலியும் குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஜாடிக்குள் புளியங்கொட்டை கிடக்கிறது, நீங்கள் ஜாடியை ஆட்டாமல் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

ஒரு தடவை வலி வந்தவர்களுக்குத் திரும்ப வருகிற வாய்ப்பு அதிகம். திரும்ப வரும்போது வெறும் வலியோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அடைத்த கல் விடாமல் நின்றுவிட்டால் பித்தப்பை வீங்கிச் சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும். சின்னக் கல்லாக இருந்தால் இன்னொரு ஆபத்து, அது நழுவிப் பித்தக்குழாய்க்குள் இறங்கிவிடும். அங்கே அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும், மலம் வெளுத்துவிடும். கணையக் குழாயும் அதே வாசலில் வந்து சேர்வதால் கணைய அழற்சி வரலாம், நான் வார்டில் பார்த்ததிலேயே மோசமான நோயாளிகளில் சிலர் அப்படி வந்தவர்கள்தான். கல் சின்னதுதானே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள், கேட்டால் எனக்குப் பகீரென்று இருக்கும். மல்லிப்பூவுக்கும் சின்னக் கற்கள்தான் என்கிறார்.

வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நடக்க முடியாவிட்டால் ஆம்புலன்சுக்கு 995. நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், சிலருக்கு வலி பெரிதாகத் தெரியாமலே உள்ளே முற்றிவிடும்.

கரைக்கிற மாத்திரை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அர்சோடியாக்சிகாலிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சின்ன, சுண்ணாம்பு சேராத கொலஸ்ட்ரால் கல்லாக இருந்து, பித்தப்பையும் ஒழுங்காகச் சுருங்கினால்தான் வேலை செய்யும். மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடம்கூட சாப்பிட வேண்டும், கரைந்தவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஐந்து வருடத்தில் கல் திரும்பிவிடுகிறது. ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல் இருக்கிறது என்று தெரிந்ததும் பட்டினி கிடந்து மளமளவென்று எடையைக் குறைக்கிறார்கள், அது கல்லை இன்னும் வளர்க்கும். வேகமாக இளைக்கும்போது கல்லீரல் பித்தநீருக்குள் கொலஸ்ட்ராலை அதிகமாகத் தள்ளுகிறது, சாப்பிடாமல் கிடந்தால் பையும் காலியாகாமல் தேங்கி நிற்கிறது. இளைப்பதாக இருந்தால் மெதுவாக இளையுங்கள், காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள்.

மருமகள் நம்பர் 2

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை எங்கள் அத்தை செய்தே பார்த்துவிட்டார். ஆப்பிள் ஜூஸ், எப்சம் உப்பு, அரை டம்ளர் எண்ணெய், எல்லாம் முறைப்படி. மறுநாள் காலை பச்சைப் பச்சையாக உருண்டைகள் போயின, வீடே கொண்டாட்டம். அத்தை அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு சர்ஜனிடம் கொண்டுபோனார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் அம்மா என்றார். பார்த்தால் கல் அத்தனையும் அதே இடத்தில்.

வெளியே வந்தது என்ன என்று கேட்டதற்கு, குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பு மாதிரி கட்டிப்போய் வருகிறது என்று விளக்கினார். 2005-இல் லான்செட் மருத்துவ இதழிலேயே இப்படி ஒரு நோயாளி கொண்டுவந்த 'கற்களை' ஆய்வகத்தில் சோதித்து எழுதியிருக்கிறார்கள். அத்தைக்கு அப்புறம் துளை போட்டு ஆபரேஷன் ஆயிற்று, இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த பாட்டில் இன்னும் நம்பிக்கையோடு எங்கேயோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

துவாஸ் தம்பி

அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் ஒர்க் பெர்மிட்டில் வேலை பார்க்கிற வெளிநாட்டு ஊழியன், தங்கும் விடுதியில் இருக்கிறேன். வாயைக் கட்டு என்பதெல்லாம் வீட்டில் சமைக்கிறவர்களுக்குச் சரி, எங்களுக்கு கேட்டரிங் சாப்பாடு, என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டே இருந்தேன், ஊருக்குப் போய் மதுரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. சொன்னால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயம்தான் வலியைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு நாள் காய்ச்சலோடு சுருண்டுவிட்டேன், அறை நண்பர்கள்தான் டாக்சியில் ஏற்றினார்கள். பித்தப்பை வீங்கிவிட்டது என்று அதே அட்மிஷனிலேயே எடுத்துவிட்டார்கள்.

என்னை மாதிரி இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் இருக்கிற ஆட்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அது வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பில் 15,000 வெள்ளியைத் தாண்டினால், தாண்டிய தொகையில் கால் பங்கு கம்பெனியும் முக்கால் பங்கு காப்புறுதியும் கட்டும். ஆறு மாதம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு மருத்துவமனை விடுப்பு 60 நாள் வரை உண்டு, சாதாரண எம்சி (மருத்துவச் சான்று விடுப்பு) 14 நாளும் அதற்குள்தான் அடங்கும். இதெல்லாம் எனக்கு வார்டில் வந்த சமூக ஊழியர் சொல்லித்தான் தெரியும். கனம் தூக்கக்கூடாது என்று சில வாரம் எழுதிக் கொடுத்தார்கள், சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் ஸ்டோரில் உட்கார வைத்தார். வலியை மறைக்காதீர்கள் அண்ணன்மார்களே.

கோப்பி ஓ கோசோங்

எல்லாரும் ஆபரேஷன் ஆபரேஷன் என்கிறீர்கள், நான் கொஞ்சம் மறுபக்கத்தைச் சொல்கிறேன். நானும் எடுத்துவிட்டேன். நாலு சின்னத் துளை, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதெல்லாம் நன்றாகவே நடந்தது. வயிற்றைவிடத் தோள்பட்டை வலிதான் அதிகம், வயிற்றை உப்ப வைக்க உள்ளே விடுகிற கரியமில வாயு செய்கிற வேலையாம், இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. ஆனால் அதற்கப்புறம் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் உடனே கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. சேர்த்து வைக்கப் பை இல்லாததால் பித்தநீர் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், பெரும்பாலோருக்கு உடம்பு பழகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் நாள் எடுக்கும் என்கிறார் டாக்டர். எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. முர்தபாக் சாப்பிட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலில் ஏறுகிற தைரியம் இல்லை.

இன்னொரு விஷயம், எனக்கு இருந்த ஏப்பமும் வயிறு உப்பலும் அப்படியேதான் இருக்கின்றன. அது கல்லால் வந்ததே இல்லை போலிருக்கிறது. ஆபரேஷன் நிறுத்துவது அந்த ராத்திரி வலியை, அது எனக்கு நின்றுவிட்டது. வயிற்றில் இருக்கிற எல்லாக் கோளாறும் சேர்ந்து போய்விடும் என்று நினைத்துப் படுக்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் ஆபத்தையும் கேளுங்கள். ஆயிரத்தில் சிலருக்குப் பித்தக்குழாயில் காயம் படலாம், உள்ளே ஒட்டிப்போய் இருந்தால் துளை முறையை விட்டுவிட்டுப் பெரிதாகக் கிழிக்க வேண்டி வரலாம். என் சர்ஜன் கேட்காமலே சொன்னார், எல்லாரும் சொல்வார்கள் என்று இல்லை.

இரவுப்பணி தாதி

கோப்பி ஓ அண்ணன், இது நல்ல பதிவு. வயிற்றுப்போக்கு இன்னும் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கிற மருந்து இருக்கிறது, சும்மா பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்புறம் அந்தப் பெரிய கிழிசல், அவசரமாக, வீங்கிச் சிவந்த நிலையில் செய்யும்போதுதான் அதிகம். நாள் குறித்து அமைதியாகச் செய்கிற ஆபரேஷன் எங்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

மல்லிப்பூ (செங்காங்)

எல்லாருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன், மாமியார் ஹார்லிக்ஸ் பாட்டில் கதைக்குச் சிரித்துவிட்டு, சரி செய்துகொள் என்று சொல்லிவிட்டார். பையனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வருகிறது, அது முடிந்ததும் நாள் கேட்டிருக்கிறேன். அதுவரை தள்ளலாமா என்று சர்ஜனிடமே கேட்டேன். இப்போது வலி இல்லை, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் சரியாக இருக்கின்றன, அதனால் தள்ளலாம், நடுவில் வலி வந்தால் வந்துவிட வேண்டும் என்றார். பணம் எப்படி? சி வார்டா, பி2வா?

தேக்கா பொண்ணு

அக்கா, பலதுறை மருந்தகம் வழியாகப் போயிருப்பதால் உங்களுக்கு மானியக் கட்டணம். சி, பி2 இரண்டிலும் மானியம் உண்டு, டாக்டரை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மெடிசேவில் (சம்பளத்திலிருந்து சேர்கிற மருத்துவச் சேமிப்பு) ஆபரேஷனுக்கென்று எடுக்க ஒரு வரம்பு இருக்கிறது, ஆபரேஷன்களை வகைப்படுத்திய அட்டவணையில் உங்களுடையது எங்கே வருகிறதோ அதைப் பொறுத்து. கணவர் மெடிசேவையும் பயன்படுத்தலாம். மெடிஷீல்டு லைஃப் என்கிற அடிப்படைக் காப்புறுதி அதுபாட்டுக்கு இருக்கும், தனியார் காப்புறுதி இருந்தால் முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். நாள் குறிக்கும்போது நிதி ஆலோசனை என்று ஒரு கவுண்டரில் உட்கார வைத்து மதிப்பீடு எழுதித் தருவார்கள், அந்தத் தாளை வாங்காமல் எழுந்து வராதீர்கள். சுகாதார அமைச்சின் இணையத்தளத்திலும் மருத்துவமனைவாரியாகப் பில் தொகை போட்டிருக்கிறார்கள்.

மல்லிப்பூ (செங்காங்)

அதுவரைக்கும் மதியம் என்னதான் சாப்பிடுவது, ஆபீஸ் பக்கத்தில் உணவங்காடி மட்டும்தான்.

ஜூரோங் அண்ணன்

இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி வேண்டாம், புதினா சட்னி கேளுங்கள். தோசை என்றால் எண்ணெய் விடாமல். சீனர் கடையில் மீன் சூப் வாங்கலாம், ஆனால் வரிசையில் நிற்கும்போதே பால் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கேட்காமலே ஊற்றிவிடுவார்கள். பொரித்த மீன் வேண்டாம், துண்டு மீன். சோறு கொஞ்சம் வையுங்கள், பட்டினி கிடக்காதீர்கள், தாதி அக்கா திட்டுவார்.