லண்டன்ல பொறந்து லீட்ஸ்ல செத்தவரு எப்படிய்யா அமெரிக்க ராப்பர்?

சுருளிப்பட்டி | இரவு 9:14
நேத்து லிஸ்ட்டு_லிங்கம் "அமெரிக்க ராப்பின் பத்து தூண்கள்"னு ஒரு பட்டியல் போட்டிருக்காரு, ஆளாளுக்கு "அருமை தல"ன்னு கமெண்ட் வேற. நாலாவது தூண், முகமூடி மாட்டிகிட்டு பாடுன எம்எஃப் டூம். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அந்தாளு பொறந்தது லண்டன், 1971. செத்தது லீட்ஸ், 2020 அக்டோபர் 31. அம்மா டிரினிடாட், அப்பா ஜிம்பாப்வே. அமெரிக்க பாஸ்போர்ட் சாகுற வரைக்கும் வாங்கவே இல்ல, 2010ல டூர் போயிட்டு திரும்பி வந்தப்ப உள்ளயே விடல. இதுல அமெரிக்கா எங்கய்யா வந்துச்சு? பாட்டு நல்லாருக்கா இல்லையான்னு நான் பேச வரல. பாஸ்போர்ட் எந்த நாடு? அத மட்டும் சொல்லுங்க.

பீட்_பூச்சி | 9:21
ஆரம்பிச்சிட்டாருய்யா. கைக்குழந்தையா இல்லாட்டியும் சின்னப்புள்ளையா இருக்கும்போதே நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்ட் வந்தாச்சு, அங்கதான் ஸ்கூல், அங்கதான் தம்பி சப்ராக்கோட சேந்து கேஎம்டி குரூப் ஆரம்பிச்சது. 1989ல தேர்ட் பேஸ்ங்கிற ராப் குரூப்போட பாட்டுல மொத மொத வாய தொறந்ததும் நியூயார்க்லதான். அப்ப பேரு ஜெவ் லவ் எக்ஸ். லண்டன்ல என்ன பண்ணாரு? பால் குடிச்சாரு. அதுக்காக பிரிட்டிஷ் ராப்பரா?

சுருளிப்பட்டி | 9:23
பாஸ்போர்ட் எந்த நாடு?

டேப்ரிக்கார்டர் | 9:40
தம்பி சுருளி, 93ல கேசட் சுத்தி சுத்தி கேட்டவன் சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படி. கேஎம்டியோட மொத ஆல்பம் 1991. ரெண்டாவது ஆல்பம் முடிக்கிற நேரத்துல, 1993ல, தம்பி சப்ராக் ரோட்ட கிராஸ் பண்றப்ப கார் அடிச்சு செத்துட்டான், பத்தொம்போது வயசு. அண்ணன்காரன் அழுதுகிட்டே தனியா உக்காந்து அந்த ஆல்பத்த முடிச்சான். முடிச்சு குடுத்தா, எலெக்ட்ரா ரெக்கார்டு கம்பெனி அட்டைப்படத்த பாத்து பயந்துபோயி ரிலீஸ் பண்ணாமயே தூக்கி வெச்சிட்டு ஆளையும் வெளிய அனுப்பிட்டான். அட்டையில என்னன்னா, அந்தக் காலத்துல வெள்ளக்காரன் கறுப்பு ஜனங்கள கிண்டல் பண்ண வரைஞ்ச சாம்போ பொம்மை இருக்கு பாரு, அந்த பொம்மைய தூக்குல போடுற மாதிரி படம். கறுப்பன இழிவு பண்ற அந்த உருவத்த தூக்குல போடுறான் அவன், கம்பெனிக்கு அது புரியல, இல்ல புரிஞ்சுதான் பயந்தானோ. அதுக்கப்புறம் சில வருஷம் ஆளு எங்க இருந்தான்னே யாருக்கும் தெரியாது, மன்ஹாட்டன் தெருவுல சுத்திகிட்டு கிட்டத்தட்ட வீடு வாசல் இல்லாம. 97, 98 வாக்குல ஒரு கவிஞர் கஃபே மேடையில மூஞ்சில லேடீஸ் ஸ்டாக்கிங்க மாட்டிகிட்டு வந்து நின்னு பாடுனான். முகமூடி அப்படித்தான் ஆரம்பிச்சது. இந்த கதையில ஒரு வரி இங்கிலாந்துல நடந்துருக்கா? அமெரிக்காக்காரன் நசுக்குனான், அமெரிக்காவுலயே எழுந்தான். இதவிட அமெரிக்க ராப்பர் வேற யாரு?

சுருளிப்பட்டி | 9:44
அண்ணே நல்லா அழ வெச்சீங்க, நன்றி. பாஸ்போர்ட்?

கறிவேப்பில | 9:52
எல்லாரும் ஒரு நிமிஷம். "அமெரிக்க ராப்பர்"னா குடியுரிமையா, வளந்த ஊரா, பாடுற பாணியா, மொதல்ல அத முடிவு பண்ணிட்டு சண்டை போடலாமே? ஆளுக்கொரு அர்த்தம் வெச்சிகிட்டு அடிச்சிக்கிறீங்க.

எட்டாம்நம்பர் | 9:53
அக்கா புதுசா? 😂 இங்க அதெல்லாம் பழக்கமில்ல.

பீட்_பூச்சி | 9:58
சரி சுருளி, உங்க வழிக்கே வர்றேன். ஸ்லிக் ரிக். லண்டன் மிச்சம்ல பொறந்தவர், பத்து பன்னெண்டு வயசுல நியூயார்க் பிராங்ஸ் வந்தார். 1988ல டெஃப் ஜாம் ரெக்கார்டு கம்பெனில வந்த அவரோட மொத ஆல்பத்துலதான் ராப்ல கதை சொல்றதையே பாதி பேர் கத்துகிட்டான். அப்புறம் சொந்தக்காரன சுட்ட கேஸ்ல அஞ்சு வருஷம் உள்ள. அதோட விட்டானா? 2002ல கப்பல்ல ஒரு கச்சேரி முடிச்சிட்டு ஃபுளோரிடாவுல எறங்குனா, நீ நாடு கடத்தப்பட வேண்டியவன்னு புடிச்சு ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தான். 2008ல நியூயார்க் கவர்னர் பேட்டர்சன் மன்னிப்பு குடுத்தார். அமெரிக்க குடியுரிமை கெடைச்சது 2016ல. இப்ப சொல்லுங்க, 1988 ஆல்பம் பிரிட்டிஷ் ஆல்பமா? 2016ல ஒரு நாள் காலைல எந்திரிச்சதும் அது அமெரிக்க ஆல்பமா மாறிடுச்சா?

சுருளிப்பட்டி | 10:04
ஸ்லிக் ரிக் கடைசில வாங்கிட்டாருல்ல, அப்ப சரி. அவர லிஸ்ட்ல வெச்சிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே என் பாயிண்ட்ட நிரூபிச்சிட்டீங்க, நன்றி. அவரு வாங்குனாரு, டூம் வாங்கல. முடிஞ்சுது கதை.

பீட்_பூச்சி | 10:05
அடேங்கப்பா!!! அப்ப 2015 வரைக்கும் அவரு யாரு??

எட்டாம்நம்பர் | 10:06
வெயிட்டிங் லிஸ்ட் 🤣 ஆர்ஏசி தூண்

டேப்ரிக்கார்டர் | 10:19
டிஜே கூல் ஹெர்க் யாரு சுருளி? கிங்ஸ்டன், ஜமைக்கா. பன்னெண்டு வயசுல பிராங்ஸ் வந்தவன். 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூ 1520, தங்கச்சி ஸ்கூலுக்கு புதுத்துணி வாங்க காசு சேக்கணும்னு கீழ ஹால்ல பார்ட்டி வெச்சாங்க, அண்ணன் ரெண்டு டர்ன்டேபிள்ல ஒரே ரெக்கார்டோட பிரேக் பகுதிய, அதாவது தாளம் மட்டும் ஓடுற எடத்த, மாத்தி மாத்தி ஓட்டுனான். ஊரே ஹிப் ஹாப் பொறந்தநாள்னு கேக் வெட்டுறது அந்த பார்ட்டிக்குத்தான். இன்னொரு ஆரம்பகால டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பார்படோஸ்ல பொறந்தவன். உன் கணக்குப்படி ஹிப் ஹாப்பே அமெரிக்கா கெடையாது, எழுதி குடுத்துடு. பாஸ்போர்ட் பாஸ்போர்ட்னு கிளிப்புள்ள மாதிரி சொல்லிகிட்டே இருந்தா வாதம் ஆயிடாது. எமினெம் திரெட்லயும் இப்படித்தான் "டெட்ராய்ட் எல்லையில இருக்குற எட்டு மைல் ரோட்டுக்கு எந்தப் பக்கம் வீடு"ன்னு நாலு நாள் உயிர எடுத்த.

சுருளிப்பட்டி | 10:31
எமினெம் திரெட்ட ஏன் இழுக்குறீங்க? அதுல நான்தான் கரெக்ட். மிசூரில பொறந்தவன டெட்ராய்ட்ல பொறந்தவன்னு எழுதுனது நீங்க. திருத்துனது நான். அந்த கடுப்பு உங்களுக்கு இன்னும் போகலன்னு தெரியுது. ஹெர்க் பாஸ்போர்ட் பத்தி நான் கேக்கவே இல்ல, பேச்ச மாத்தாதீங்க. கேசட் கேட்டவரு, கேசட் கேட்டவருன்னு எத்தன வாட்டி சொல்லுவீங்க, கேசட் கேட்டா குடியுரிமை சட்டம் தெரிஞ்சிருமா? ஒரு நாட்டோட கலைஞன்னு சொல்லணும்னா அந்த நாடு உன்ன ஒத்துக்கணும். அமெரிக்கா அந்தாள ஒத்துக்கல. பொண்டாட்டி புள்ள அங்க, இவரு லண்டன்ல தனியா, சேர்றதுக்கே ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசில "அமெரிக்கா சகவாசமே வேணாம்"ங்கிற மாதிரி பேட்டியும் குடுத்தாரு. அவரே வேணாம்னு சொன்னத நீங்க ஏன் அவரு தலையில கட்டுறீங்க? அவருக்கு மரியாதை குடுக்குறது நானா நீங்களா?

கொழும்புத்துறையான் | 10:47
கனநேரமா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். சுருளி தம்பி, நீங்கள் "நாடு ஒத்துக்கணும்" எண்டு லேசா எழுதிப்போட்டியள். நான் கனடாவில ஸ்காபுரோவில இருக்கிறன். வந்து ஏழு வருசம் கையில ஒரு பாஸ்போட்டும் இல்ல, ஒரு மண்ணிறக் கவருக்க அகதிக் கடுதாசி, அதை மடிச்சு மடிச்சு மடிப்பில கிழிஞ்சு டேப் ஒட்டி வைச்சிருந்தன். அந்த ஏழு வருசமும் நான் எந்த ஊராள் எண்டு எனக்குத் தெரியும், கவுண்டரில இருந்தவருக்குத்தான் தெரியேல்ல. லண்டனில பிறந்த ராப்பர் 21 சாவேஜை 2019இல அமெரிக்க குடிவரவு ஆக்கள் பிடிக்கேக்க எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையும் ராணியும் போட்டு மீம்ஸ் அடிச்சவை. ஏழு வயசில அட்லாண்டாக்கு வந்த பெடியன், தன்ர விசா முடிஞ்சதை அவனா போய்ப் புதுப்பிக்கிறது? கிராமி விழாவுக்குப் போகவேண்டியவன் தடுப்பில இருந்தவன். அவன்ர பாட்டில அட்லாண்டா இல்லாம வேற என்ன இருக்கு?

சுருளிப்பட்டி | 10:55
அண்ணா உங்க கஷ்டம் வேற, இது வேற. நான் சாவேஜ் பத்தி பேசல. அவருக்கு 2023ல கிரீன் கார்டு கெடைச்சிடுச்சு.

பீட்_பூச்சி | 10:56
கிரீன் கார்டு பாஸ்போர்ட் இல்லையே சார்?? 😏

சுருளிப்பட்டி | 10:58
பாஸ்போர்ட்டுக்கு போற வழி அது. வழியில இருக்காரு.

எட்டாம்நம்பர் | 10:59
அப்ப டூமும் ஹீத்ரோ வரைக்கும் வழியிலதான இருந்தாரு

கறிவேப்பில | 11:08
இதே கேள்விய பாடகி எம்.ஐ.ஏ.வுக்கும் போடலாமே. லண்டன்ல பொறந்து ஆறு மாசத்துல யாழ்ப்பாணம் போயி, 1986ல அகதியா திரும்ப லண்டன். 2006ல அமெரிக்க விசா கெடைக்காம இழுத்தடிச்ச கடுப்புதான் அந்த காகித விமானப் பாட்டுல இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பாட்டுல இருந்து ஒரு வரிய வெட்டி எடுத்துதான் 2008ல ஜே-ஸீ, டி.ஐ., கான்யே, லில் வெய்ன் நாலு பேரும் சேந்து ஒரு பாட்டே பண்ணாங்க. 2009 கிராமி மேடையில நெறமாச வயித்தோட நடுவுல நின்னது யாருன்னு பாத்தீங்கல்ல.

டேப்ரிக்கார்டர் | 11:13
எம்.ஐ.ஏ. ராப்பரே இல்லம்மா. அது டான்ஸ் பாட்டு.

கொழும்புத்துறையான் | 11:15
என்ன அண்ணை கதைக்கிறியள்? ராப் இல்லையாம். உங்கட ஆக்கள் முகமூடி போட்டு முணுமுணுத்தா ராப், எங்கட பிள்ளை பாடினா டான்ஸோ?

டேப்ரிக்கார்டர் | 11:18
நான் அப்படி சொல்லலீங்க. "உங்கட எங்கட"ன்னு ஏன் பிரிக்கிறீங்க. நான் பாட்டோட வகைய சொன்னேன். முணுமுணுப்பா? டூமும் மேட்லிப்பும் சேந்த மேட்வில்லன் ஆல்பத்தோட டெமோ லீக் ஆனப்புறம் வேணும்னேதான் குரல இறக்கி, வேகத்த கொறச்சி மறுபடி பாடுனான். 2004ல வந்த அந்த ஆல்பத்துல கோரஸே அனேகமா கெடையாது, எதுகை மேல எதுகை அடுக்கிகிட்டே போவான், ஒரு வரியில ஏழெட்டு எடத்துல ஒரே ஓசை விழும். நம்ம சந்தப்பாட்டு தெரிஞ்சவனுக்கு அது சட்டுன்னு புடிபடும். முணுமுணுப்பாம்.

கொழும்புத்துறையான் | 11:20
சந்தம் எங்களுக்கும் தெரியும் அண்ணை. நீங்கள் வகுப்பெடுக்க வேண்டாம்.

சுருளிப்பட்டி | 11:22
டேப் அண்ணே, அந்த முகமூடிக்குள்ள டூம்தான் இருந்தாருன்னு என்ன கேரண்டி? 2007ல இருந்து கச்சேரிக்கு வேற ஆளுக்கு முகமூடி மாட்டி அனுப்பி, டிக்கெட் வாங்குனவன் கத்தி கூப்பாடு போட்டது தெரியும்ல. தானே வராத கச்சேரிக்கு காசு வாங்குனவர தூணுங்கிறீங்க.

டேப்ரிக்கார்டர் | 11:30
அது வேற விஷயம். அத அவனே மறைக்கல, நான் டைரக்டரு, நடிகன மாத்துறது என் இஷ்டம்ங்கிற மாதிரிதான் சொன்னான். முகமூடிக்கு அர்த்தமே மூஞ்சிய பாக்காத, பாட்ட கேளுங்கறதுதான்.

பீட்_பூச்சி | 11:32
இதுல மட்டும் நான் சுருளி பக்கம். டிக்கெட் காசு காசுதான். ஏமாத்துனது ஏமாத்துனதுதான்.

டேப்ரிக்கார்டர் | 11:33
நீயுமா. சரி ரெண்டு பேரும் சேந்து கோர்ட்டுக்கு போங்க.

எட்டாம்நம்பர் | 11:36
ஒரு சந்தேகம். அவரு பேர எப்பவும் பெரிய எழுத்துலதான் எழுதணும்னு பாட்டாவே பாடி வெச்சிருக்காரு. தமிழ்ல பெரிய எழுத்து இல்லையே, என்ன பண்றது? "டூஊஊம்"னு அளபெடை போடலாமா?

கறிவேப்பில | 11:37
இந்த திரெட்லயே உருப்படியான கேள்வி இதுதான்.

சுருளிப்பட்டி | 11:49
சிரிங்க சிரிங்க. ரெண்டரை மணி நேரமா அஞ்சு பேரு சேந்து ஹெர்க்குங்கிறீங்க, சாவேஜுங்கிறீங்க, யாழ்ப்பாணம்ங்கிறீங்க, அளபெடைங்கிறீங்க, நான் கேட்ட ஒத்தக் கேள்விக்கு ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. லிஸ்ட்டோட தலைப்புல "அமெரிக்க"ன்னு போட்டது நானா? "ராப்பின் பத்து தூண்கள்"னு போட்டிருந்தா நான் என் வேலைய பாத்துட்டு போயிருப்பேன். லீட்ஸ் ஆஸ்பத்திரில செத்தாரு, செத்து ரெண்டு மாசம் கழிச்சு டிசம்பர் 31தான் குடும்பம் வெளிய சொன்னாங்க, அன்னிக்கு நானும்தான் ராத்திரி முழுக்க கேட்டேன், ஹாஸ்டல் காலத்து ரைட் பண்ண சிடி, மூணாவது பாட்டுல எப்பவும் ஸ்கிப் ஆகும், அந்த ஸ்கிப்போடதான் எனக்கு மனப்பாடம். எனக்கு புடிக்காதுன்னு யாரும் நெனச்சிக்காதீங்க. ஆனா பாஸ்போர்ட் எந்த நாடு?

டேப்ரிக்கார்டர் | 11:53
மூணாவது பாட்டுல ஸ்கிப் ஆகுற காப்பியா? அது நான் ரைட் பண்ணி ஃபோரம் மீட்ல குடுத்தது. எனக்கு ஒரு தேங்க்ஸ் கூட வரல.

சுருளிப்பட்டி | 11:54
அது நீங்க குடுத்ததுன்னு என்ன ஆதாரம்?

லிஸ்ட்டு_லிங்கம் | 11:58
இப்பதான் பாத்தேன், டூட்டில இருந்தேன். எல்லா கருத்தும் படிச்சாச்சு. பட்டியல அப்டேட் பண்ணிட்டேன். டூம் இப்ப மூணாவது தூண். 🙏

சுருளிப்பட்டி | 11:59
மூணாவதா?? அப்ப மூணுல இருந்த நாஸ் எங்க?

பீட்_பூச்சி | 12:00
யோவ் லிங்கம், நாஸ கீழ எறக்குனியா? நியூயார்க் குயின்ஸ் பக்கம் குயின்ஸ்பிரிட்ஜ்ல வளந்தவன, 20 வயசுல அப்படி ஒரு ஆல்பம் குடுத்தவன, நாலாவதுல வெப்பியா? இதுக்கு தனி திரெட் போடுறேன் இரு.

சுருளிப்பட்டி | 12:01
நீ போட வேணாம், நான் ஏற்கனவே தலைப்பு அடிச்சிட்டேன். நாஸ் பொறந்தது குயின்ஸ் இல்ல, புரூக்ளின்.