பேய் ஓட்டுற படம் பாத்தப்ப பக்கத்துல நடந்தது, இன்னும் மறக்க முடியல

குடியாத்தம் பையன்:
எக்ஸார்சிஸ்ட், ஒரு சின்ன பொண்ணுக்கு புடிச்ச பேய ரெண்டு ஃபாதருங்க ஓட்டுற இங்கிலீஷ் படம், தெரியாதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க, அதனால கதைய முழுசா சொல்லல. 1991ன்னு நெனைக்கிறேன், எங்க தெருவுல வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்க மூணு படம் போட்டாங்க, மொத ரெண்டும் நம்ம படம், மூணாவது இது. பசங்கல்லாம் தூங்கிட்டாங்கன்னு நெனச்சிதான் போட்டாங்க, நான் போர்வைக்குள்ள இருந்து பாத்துக்கினு இருந்தேன். எங்க அத்தை நடையில உக்காந்து மடியில மொறத்த வெச்சிக்கினு பீடி சுத்திக்கினு இருந்தாங்க, காலைல கட்டு ஒப்படைக்கணும், அவங்க படம்னா திரும்பி கூட பாக்க மாட்டாங்க. ரெண்டு ஃபாதரும் அந்த ரூமுக்குள்ள போய் நின்னு ஜெபம் பண்ற எடம் வருது, எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சிக்கினு கத்துறாங்க. நான் அத்தைய பாத்தேன். கை நின்னு போச்சி. பாதி சுத்துன எலை வெரல்ல அப்படியே இருக்குது, தூளு மொறத்துல கொட்டுது. "டேய், அந்த பொண்ணுக்கு குளுருதுடா, வாய்ல பொகை வருது பாரு, யாராவது போத்தி உடுங்கடா"ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ரொம்ப வருஷம் கழிச்சி எங்கயோ படிச்சேன், டைரக்டர் வில்லியம் ஃப்ரீட்கின் அந்த ரூம் செட்ட ஏசி வெச்சி ஐஸ் பொட்டி மாதிரி ஆக்கி வெச்சிருந்தாராம், மூச்சு பொகையா தெரியணும்னு. சுத்தி நின்னு வேலை செஞ்சவங்கல்லாம் கனமான கோட்டு, அந்த பொண்ணா நடிச்ச லிண்டா பிளேருக்கு மேல மெல்லிசா ஒரு நைட்டி. அப்ப அத்தை பாத்தது நெசமான குளுரு, நடிப்பு இல்ல. அத அம்மா கிட்ட போன்ல சொன்னேன், அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம்தான் சொன்னாங்க. அத்தைக்கு பதினாறு வயசு இருக்கும்போது காத்து புடிச்சிக்கிச்சின்னு சோளிங்கர் தக்கான் குளத்துக்கு கூட்டினு போனாங்களாம், கார்த்திகை மாசம், விடிகாலைல முங்க வெச்சி ஈரப் பொடவையோட சின்ன மலை ஏத்துவாங்களாம், தெனமும், எத்தன நாளுன்னு அம்மாவுக்கே கணக்கு இல்ல. எங்க ஊட்ல இத பத்தி யாரும் ஒரு வார்த்த பேசினது கெடையாது. நான் சிரிச்சதுதான் உறுத்துது. உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது இருந்தா எழுதுங்க.

சத்துவாச்சாரி ஃபேஸ் டூ:
எனக்கு 2013, கான்ஜூரிங்னு இங்கிலீஷ் பேய் படம், வேலூர்ல செகண்ட் ஷோ, தியேட்டர் பேரு வேணாம். கடைசில பேய் புடிச்ச அந்த அம்மாவ நாற்காலில கட்டி வெச்சி துணி மூடி ஓட்டுவாங்களே, அந்த எடத்துல எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி ஒரு பொம்பள எழுந்து நின்னுட்டாங்க. மொதல்ல பாத்ரூம் போறாங்கன்னு நெனச்சேன், தலை ஆட ஆரம்பிச்சிச்சி, முடி அவுந்து ஸ்க்ரீன் வெளிச்சத்துல அந்த நெழலு செவுத்துல ஆடுது. கூட இருந்த கெழவி பதறவே இல்ல, தோள புடிச்சிக்கினு "இன்னாம்மா வேணும் உனக்கு, சொல்லும்மா, ஊட்டுக்கு போய் எல்லாம் செய்யறோம்"னு கொழந்த கிட்ட பேசுற மாதிரி பேசினாங்க. படம் நிக்கவே இல்ல. அங்க அந்த வெள்ளைக்கார அம்மா அலறுது, இங்க இவங்க மூச்சு வாங்குது, ரெண்டு சத்தமும் ஒண்ணா வருது. டார்ச்சு அடிச்சிக்கினு வந்தவரு எங்கயோ இருந்து துண்ணூறு கொண்டாந்து குடுத்தாரு. என் பக்கத்துல இருந்தவன்லாம் போன எடுத்தான், நானும் எடுத்தேன். பதினோரு செகண்டு வீடியோ. யாருக்கும் அனுப்பல, ஆனா ரெண்டு போன் மாத்தியும் அது கூடவே வருது. பேய் படத்துக்கு பேய் வந்துச்சின்னு அன்னிக்கு பசங்க கிட்ட சொல்லிக்கினு திரிஞ்சேன்.

பம்பைக்காரர் மகன்:
மேல எழுதினவரு தப்பா நெனச்சிக்க கூடாது, அது பேய் இல்ல, சாமி. ரெண்டையும் ஒண்ணா எழுதறது எனக்கு தாங்கல. எங்க அப்பா பம்பை மேளம் அடிக்கிறவரு, மயானக் கொள்ளை அன்னிக்கு பாலாத்தங்கரைல வந்து பாருங்க, சிவராத்திரி முடிஞ்ச மறுநாள், அங்காளம்மன் எத்தன பேர் மேல வருதுன்னு. எங்க அம்மா மேலயும் வரும். நான் சின்ன வயசுல இருந்து பாத்து வளந்தவன். பேய்னா பேரு கேப்பாங்க, எந்த ஊரு, எப்படி செத்தன்னு கேட்டு, உச்சி முடிய எடுத்து புளிய மரத்துல ஆணி அடிச்சி அனுப்பி உடுவாங்க. சாமின்னா யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க, வாக்கு கேப்பாங்க, எலுமிச்சம் பழம் குடுத்து மலை ஏறும்மான்னு மரியாதையா வழி அனுப்புவாங்க. அந்த கெழவி "இன்னா வேணும்"னு கேட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுலயே தெரிய வேணாமா?

கூத்துலயும் இது உண்டு. எங்க பக்கம் பாரதக் கூத்துல துகில் உரியற ராத்திரி, துச்சாதனன் வேஷம் கட்டுறவரு பொடவைல கை வெக்கிறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி திரௌபதையம்மன் கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுதான் வெப்பாரு. அப்படியும் மயங்கி உழுந்தவங்கள நானே ரெண்டு பேர பாத்திருக்கேன். இங்கிலீஷ் படத்துல உடம்புக்குள்ள ஒண்ணு வந்தா அது சாத்தான்தான், அத தொரத்தணும், அவ்ளோதான். அந்த ஃபாதரும் மொதல்ல பேரத்தான் கேக்கறாரு, 1614ல போட்ட அவங்க சடங்கு புத்தகத்துலயும் அப்படித்தான் இருந்துச்சி. அத தப்பு சொல்லல. ஆனா அந்த படங்கள பாத்து பாத்து நம்ம பசங்களுக்கும் சாமி ஆடுறது பயங்கரமா தெரிய ஆரம்பிச்சிடுச்சி. கான்ஜூரிங் வந்த அடுத்த வருஷம் மயானக் கொள்ளைல எங்க அம்மாவுக்கு அருள் வந்து நிக்கிறாங்க, எங்க அக்கா பொண்ணு, எட்டு வயசு, எப்பவும் ஓடி வந்து கால்ல உழுந்து துண்ணூறு வாங்குற கொழந்த, அன்னிக்கு என் லுங்கிய புடிச்சிக்கினு பின்னாடி ஒளிஞ்சிடுச்சி. "மாமா, ஆயா கண்ணு அந்த படத்துல வர மாதிரி இருக்குது"ன்னுச்சி. அம்மா காதுல அது உழுந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அந்த வீடியோவ தயவு செஞ்சி அழிச்சிடுங்க.

வார்டு டூட்டி:
நான் நர்ஸ். சாமியா பேயான்னு நீங்க பேசி முடிங்க, என் அனுபவம் சின்னது. வேலைக்கு சேந்த புதுசுல ஹாஸ்டல்ல லேப்டாப்புல எமிலி ரோஸ் படம் பாத்தோம், 2005ல வந்தது. மறுநாள் காலைல டூட்டி, ஒரு பொண்ணு, பத்தொம்போது வயசு, ஃபிட்ஸ், முதுகு பூரா வேப்பங்குச்சில அடிச்ச தடிப்பு. மணிக்கட்டுல கயிறு அறுத்த எடம் கன்னி போய் இருந்துச்சி. ட்ரிப்ஸ் போட கைய நேரா வெக்க சொல்லி ஸ்ட்ராப் எடுத்தேன், "அக்கா, கட்ட மாட்டீங்க இல்ல?"ன்னு கேட்டுச்சி. நான் ஸ்ட்ராப்ப கீழ வெச்சிட்டு கையாலயே புடிச்சிக்கினேன்.

அவ்ளோதான். ஆனா ரெண்டு விஷயம் சொல்லாம போக மாட்டேன். அந்த படம் அன்னலீஸ் மிக்கேல்னு ஜெர்மனி பொண்ணு கதைய வெச்சி எடுத்தது. அவங்களுக்கு வலிப்பு நோய்னு டாக்டர் சொல்லி மாத்திரை குடுத்தாங்க. அப்புறம் 1975, 76ல 67 தடவ பேய் ஓட்டியிருக்காங்க. சாப்பாடு எறங்காம 1976 ஜூலை 1 அன்னிக்கு செத்துட்டாங்க, வயசு 23, உடம்பு முப்பது கிலோ சொச்சம். அப்பா அம்மாவையும் ரெண்டு ஃபாதரையும் 1978ல கோர்ட்டு குத்தவாளின்னு சொல்லிச்சி. படத்துல அது பேயா நோயான்னு நம்ம முடிவுக்கு உட்டுட்டாங்க, எனக்கு அதுதான் கோவம், உண்மைல செத்தது ஒரு பொண்ணு. நம்ம ஊர்ல ஏர்வாடி மனநல காப்பகத்துல 2001 ஆகஸ்ட் 6 தீ புடிச்சி 28 பேரு செத்தாங்க, கால்ல சங்கிலி இருந்ததால தீயில இருந்து ஓட முடியல.

அதனால சொல்றேன். யாருக்காவது வலிப்பு வந்தா கைல சாவி குடுக்காதீங்க, அதால ஒண்ணும் நிக்காது, நேரம்தான் போவும். வாய்ல ஸ்பூன் வெக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, கை கால அழுத்தி புடிக்காதீங்க. ஒருக்களிச்சி படுக்க வெச்சி தலைக்கு கீழ துணி மடிச்சி வெங்க, மணி பாருங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா உடனே ஆஸ்பத்திரி. நின்னுடுச்சின்னாலும் ஒருக்கா டாக்டர பாத்துடுங்க. மாத்திரைய நல்லாயிடுச்சின்னு நீங்களா நிறுத்தாதீங்க, நிறுத்தினா முன்ன விட மோசமா வரும். கோயிலுக்கு போவணுமா, போங்க, மாத்திரை டப்பாவ எடுத்துக்கினு போங்க. மனசு சம்பந்தப்பட்டதுன்னா வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட மனநல மையம் இருக்குது, அங்க பேஷண்டோட ஊட்டு ஆளும் கூடவே தங்கலாம், தனியா உட்டுட்டு வரணும்னு பயப்பட வேணாம். இது தெரியாமயே எவ்ளோ பேரு குளக்கரைலயும் தர்காலயும் மாசக் கணக்கா கெடக்குறாங்க.

பம்பைக்காரர் மகன்:
சிஸ்டர், நீங்க சொன்னது சரி, எங்க அப்பாவும் வலிப்புன்னு தெரிஞ்சா பம்பைய எடுக்க மாட்டாரு, ஆஸ்பத்திரிக்கு போங்கன்னுதான் சொல்லுவாரு. ஆனா எல்லா பம்பைக்காரரும் பேய் ஓட்டறேன்னு ஆள அடிக்கிறவரு இல்லன்னு நீங்க ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சத்துவாச்சாரி ஃபேஸ் டூ:
வீடியோ அழிச்சிட்டேன். அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்தேன், இருட்டுல ஒண்ணும் தெரியல, கெழவி குரல் மட்டும்தான் கேக்குது. சாமின்னு எனக்கு அப்ப தோணல அண்ணே, மன்னிச்சிக்குங்க.

ஆம்பூர் ரயிலடி:
குடியாத்தம் தம்பி, அத்தை இப்ப எப்படி இருக்காங்க? அத சொல்லாமயே போயிட்டீங்க.

குடியாத்தம் பையன்:
நல்லா இருக்காங்க அக்கா. பேர்ணாம்பட்டு பக்கம் மகன் கூட இருக்காங்க, சித்திரை வெயில்ல கூட வெறவு அடுப்புல தண்ணி காய வெச்சிதான் குளிப்பாங்க, ஏன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. நீங்கல்லாம் எழுதினத படிச்சிட்டு நேத்து சாயங்காலம் போன் பண்ணேன். அந்த படம் ஞாபகம் இருக்குதா அத்தைன்னு கேட்டேன். நான் சிரிச்சிருக்க கூடாதுன்னும் சொன்னேன். அத அவங்க காதுலயே வாங்கல. "அந்த பொண்ணு இப்ப இருக்குதாடா?"ன்னாங்க. இருக்குது அத்தை, 1959ல பொறந்தது, உங்க வயசுதான், தெருவுல உட்ட நாய்ங்கள எல்லாம் எடுத்து வெச்சி வளக்குதாம், அதுக்குன்னே ஒரு அமைப்பு நடத்துதுன்னேன். "நாய்ங்களா?"ன்னுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பின்னாடி மாடு கத்துற சத்தம் கேட்டுச்சி. அப்புறம், "அந்த படத்துல கடைசில அதுக்கு யாராவது போத்தி உட்டாங்களா? நான் அப்பவே எழுந்து உள்ள போயிட்டேன்"ன்னு கேட்டாங்க.

கடைசில வெயில்ல கோட்டு போட்டுக்கினு அம்மா கூட கார்ல ஏறி போவும் அத்தைன்னு சொன்னேன்.